ஒரு வெள்ளிச் சீட்டும் ஒரு நாள் சம்பளமும்: தோட்டப்புற நகரில் மருத்துவச் செலவு எங்கே கூடுகிறது?

2025 மே 1 முதல் மலேசியாவில் தனியார் கிளினிக், தனியார் மருத்துவமனை, மருந்தகம் எல்லாமே தாங்கள் கொடுக்கும் மருந்துகளின் விலையை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். அது வந்த நாளிலிருந்து சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இரண்டு கேள்விகள் சுற்றி வருகின்றன. விலைதான் எழுதிப் போட்டாயிற்றே, இனி மருந்து மலிவாகுமா? அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தானே வாங்குகிறார்கள், பிறகு ஏன் இத்தனை குடும்பங்கள் மருந்துக்காகக் கடன் வாங்குகின்றன?

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அப்படி முடியாது. செலவு கவுண்டரில் கொடுக்கும் பணத்தோடு நிற்பதில்லை. பஸ்ஸிலும், போகாத வேலையிலும், தவறான வாசலில் நுழைந்ததிலும், பாதியில் நிறுத்திய மாத்திரையிலும் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

## விலைப்பட்டியல் சட்டம் என்ன செய்கிறது?

2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு இது. பெயரில் விலைக் கட்டுப்பாடு இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். இந்த உத்தரவு விலையைக் காட்டச் சொல்கிறது. 'இந்த மாத்திரையை இதற்கு மேல் விற்காதே' என்று உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. தனியார் துறையில் மருந்தின் விலையை விற்பவரே முடிவு செய்கிறார். அதனால்தான் ஒரே மாத்திரை ஒரே தெருவில் இரண்டு கடைகளில் இரண்டு விலைக்கு இருக்கிறது.

தனியார் மருத்துவர்கள் இதை எதிர்த்து 2025 மே 6 அன்று புத்ராஜெயாவில் ஊர்வலம் போனார்கள். அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. தனியார் கிளினிக்கின் ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 வெள்ளி வரை என்று விதிமுறையில் நெடுங்காலம் அப்படியே நின்றது. வாடகை, தாதி சம்பளம் எல்லாம் ஏறியபோது பல கிளினிக்குகள் அந்தப் பற்றாக்குறையை மருந்து விலையில் சரிக்கட்டின. இதையும் நோயாளி தெரிந்துகொள்ள வேண்டும். 'காய்ச்சலுக்கு இவ்வளவா?' என்று நாம் மலைக்கும் பில்லில் மருத்துவரின் கூலியும் மருந்தின் விலையும் ஒன்றாகக் கலந்திருக்கலாம். பிரித்து எழுதிய பில் கேட்பது நோயாளியின் உரிமை, கேட்கலாம்.

ஆகவே புதிய சட்டத்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு மட்டுமே. பக்கத்துப் பக்கத்தில் நான்கு மருந்தகங்கள் உள்ள ஈப்போவில் அது நல்ல வாய்ப்பு. தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, இருக்கிற ஒரே கிளினிக்கில் வாங்கிக்கொண்டு திரும்புகிறவருக்கு அதன் பயன் குறைவு. விலையைக் குறைக்கும் வழிகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

## எந்த வாசல், என்ன கட்டணம்?

குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவம் மலிவாக இருப்பதற்கு 1951-ஆம் ஆண்டின் கட்டணச் சட்டத்தின் கீழ் வந்த மருத்துவக் கட்டண உத்தரவு அடிப்படை. 1982-இல் வந்த அந்த உத்தரவின் அடிப்படையிலேயே இன்றும் குடிமக்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள்.

1. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்: ஒரு வெள்ளி. மருத்துவர் பார்ப்பது, அடிப்படைப் பரிசோதனை, மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். 60 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த ஒரு வெள்ளியும் வாங்குவதில்லை.

2. அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்: அரசாங்கக் கிளினிக்கின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் 5 வெள்ளி. தனியார் மருத்துவரின் கடிதத்தோடு போனால் முதல் முறைக்கு 30 வெள்ளி, அதற்குப் பிறகு ஐந்து. ஒரே மருத்துவர், ஒரே நாற்காலி. கடிதம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வித்தியாசம்.

3. மூன்றாம் வகுப்பு வார்டு: ஒரு நாளுக்கு 3 வெள்ளி. சிகிச்சை, அறுவை எல்லாம் சேர்த்து ஒருமுறை படுத்து எழுந்தால் 500 வெள்ளிக்கு மேல் போகாது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதிலும் பாதி.

4. தனியார் கிளினிக்: பக்கத்தில் இருக்கும், இரவு திறந்திருக்கும், காத்திருப்பு குறைவு. திடீர்க் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சரி.

5. மருந்தகம்: மருத்துவர் சீட்டு எழுதியிருந்தால் அந்தச் சீட்டுக்கான மருந்து. சீட்டு இல்லாமலே மருந்தாளர் தம் பொறுப்பில் பதிவு செய்து தரக்கூடிய மருந்துகளும் உண்டு. 1952-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டம் மருந்துகளைப் பிரிவு பிரிவாக வகுத்திருக்கிறது. பி பிரிவுக்குச் சீட்டு வேண்டும், சி பிரிவுக்கு மருந்தாளர் போதும்.

பிழை நடப்பது நான்காவது வாசலில். இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகிய மூன்றும் வாழ்நாள் முழுக்க மருந்து கேட்கும் நோய்கள். இவற்றுக்கும் தனியார் கிளினிக்கையே நம்பிப் போகும் குடும்பங்கள் முதல் இரண்டு மாதம் முழு மருந்து வாங்கும். மூன்றாம் மாதம் கையில் உள்ள காசுக்கு 'பத்து நாளைக்கு மட்டும் கொடுங்க டாக்டர்' என்று கேட்கும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜனவரியில் அதுவும் நின்றுபோகும். நீண்டகால நோய்க்கு ஒரு வெள்ளி வாசலும் திடீர் நோய்க்குப் பக்கத்து வாசலும் என்று பிரித்துக்கொள்வதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வரும் முதல் காரியம்.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று கணக்கிட்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் பந்தியில் மூன்று பேர். அந்த மூவரில் தனக்கு இருப்பதே தெரியாதவரும் உண்டு.

## தோட்டத்து ஆஸ்பத்திரி எங்கே போனது?

ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் 'அப்பல்லாம் டிரெஸ்ஸர் இருந்தாரு' என்பார்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தோட்ட முதலாளிக்கு மருத்துவப் பொறுப்பை விதித்தது. பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரியும், லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்து காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரும் இருந்தார்கள். இந்த மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டம் வந்தது. 1990-இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டத்திலும் தோட்டத்துச் சுகாதார வசதிக்கு முதலாளியே பொறுப்பு.

ஆனால் அந்தப் பொறுப்பு, தோட்டத்தில் வேலை செய்கிறவரோடு கட்டப்பட்டது. பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன, வீட்டுமனைகளாயின. குடும்பங்கள் நகரத்து ஓரத்துக் குறைந்த விலை வீடுகளுக்குப் பெயர்ந்தன. லயத்தை விட்ட அன்றே டிரெஸ்ஸரும் போனார். இன்று இந்த நகரங்களில் வாழும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்கு அரசாங்க ஓய்வூதியமும் இல்லை, முதலாளியின் மருத்துவமும் இல்லை. இரண்டு தலைமுறை மருத்துவத்தைத் தேடிப் போகாமலே வாழ்ந்தது, அது வாசலுக்கு வந்தது. அரசாங்க முறையில் நாம்தான் போய்க் கேட்க வேண்டும், எழுதிக் கேட்க வேண்டும், எந்தப் பெயரில் கேட்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். நம் மக்கள் ஏன் கேட்பதில்லை என்று கோபப்படுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னும் தோட்டத்தில் வேலையில் இருப்பவர்கள் தோட்டக் கிளினிக்கை விட்டுவிடக் கூடாது. அது உங்கள் உரிமை.

## ஒரு வெள்ளிக்குப் பின்னால் உள்ள கணக்கு

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். போக ஏறக்குறைய 30 கிலோமீட்டர், வர அதே தூரம். நிபுணர் கட்டணம் 5 வெள்ளி. பஸ், கேண்டீன் சாப்பாடு, கூட வரும் மகளின் ஒரு நாள் வேலை எல்லாம் சேர்த்தால் 5 வெள்ளிச் சிகிச்சைக்கு நூறு வெள்ளி எளிதாகத் தாண்டிவிடுகிறது. மருந்து வாங்க மட்டும் மாதாமாதம் இப்படிப் போக வேண்டும் என்றால் நான்காம் மாதம் யாராக இருந்தாலும் போக மாட்டார்கள்.

இந்தக் கணக்கைக் குறைக்கும் வழிகள் நடப்பில் உள்ளன. பலருக்கு யாரும் சொல்லாததால் தெரியாது.

1. எஸ்.பி.யு.பி. இது அரசாங்க மருந்து விநியோகத்தில் உள்ள ஓர் ஏற்பாடு. பெரிய மருத்துவமனை மருத்துவர் எழுதிய தொடர் மருந்தை உங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கிலோ மாவட்ட மருத்துவமனையிலோ வாங்கிக்கொள்ளலாம். முதல் மாத மருந்தைப் பெரிய மருத்துவமனையில் வாங்கும்போதே மருந்துக் கவுண்டரில் 'சாயா நாக் அம்பில் உபாட் டி சுங்கை சிப்புட்' (மருந்தைச் சுங்கை சிப்புட்டில் வாங்கிக்கொள்கிறேன்) என்று சொல்லுங்கள். அவர்கள் அந்த இடத்துக்கு எழுதி அனுப்புவார்கள். சில மருந்துகளை உள்ளூர்க் கிளினிக் வரவழைக்க நாளாகும், அதனால் மருந்து தீரும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும்.

2. அஞ்சல் வழி மருந்து. உபாட் மெலாலுயி போஸ் என்று கேட்டால் தெரியும். மருந்துக்குக் காசு இல்லை, அஞ்சல் கட்டணம் மட்டும் நம்முடையது. குளிரில் வைக்க வேண்டிய இன்சுலின் போன்றவை இதில் வராது.

3. மருத்துவ விடுப்பு. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள். விடுப்பில் இருப்பதை 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். முதலாளி நியமித்த மருத்துவர் பார்த்தால் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது.

இங்கே ஒரு நுணுக்கம். கிளினிக்கில் தரும் 'டைம் ஸ்லிப்' வேறு, எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழ் வேறு. டைம் ஸ்லிப் நீங்கள் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வந்திருந்தீர்கள் என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். அதைக் கொடுத்துவிட்டு முழு நாள் சம்பளம் எதிர்பார்த்து மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) சண்டை போடுவது பல இடங்களில் நடக்கிறது. தவணை நாளை வேலை இல்லாத நாளுக்கோ காலை முதல் மணிக்கோ மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது அதைவிடப் பலன் தரும்.

## மருந்துப் பையைப் படிப்போம்

அரசாங்கக் கிளினிக்கின் சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நோயாளியின் பெயர். கீழே மருந்தின் பெயர், மெட்ஃபார்மின் 500 என்று இருக்கும். அதற்குக் கீழே 'அம்பில் 1 பிஜி, 2 காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான்'. ஒரு மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. மலாய் வாசிக்கத் தெரியாத பாட்டிகள் பையின் நிறத்தையும் மாத்திரையின் வடிவத்தையும் வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார்கள். மருந்தைத் தயாரிக்கும் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். 'இது என் மருந்து இல்லை' என்று ஒரு மாதம் சாப்பிடாமல் வைத்திருப்பார்கள், அல்லது பழையதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். வீட்டுப் பிள்ளை ஒருவர் மாதம் ஒருமுறை பேனாவால் தமிழில் 'காலை, இரவு, சோற்றுக்குப் பின்' என்று பையின் மேல் எழுதி வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர். ஒன்று மருந்துப் பொருளின் பொதுப்பெயர், மற்றது கம்பெனி வைத்த வணிகப்பெயர். பனடோல் வணிகப்பெயர், பாராசிட்டமோல் பொதுப்பெயர். அதே போல நோர்வாஸ்க் என்பது அம்லோடிபின், குளுக்கோஃபேஜ் என்பது மெட்ஃபார்மின், லிப்பிட்டோர் என்பது அட்டோர்வாஸ்டாட்டின். முதலில் கண்டுபிடித்த கம்பெனியின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் வேறு கம்பெனிகள் அதே பொருளைத் தயாரிக்கலாம். அதைத்தான் ஜெனரிக் மருந்து என்கிறோம். ஆராய்ச்சிச் செலவும் விளம்பரச் செலவும் இல்லாததால் விலை குறைவு. 'மலிவு மருந்து, வேலை செய்யாது' என்ற பேச்சு ஊரில் பரவலாக உண்டு. ஆனால் இத்தகைய மாத்திரைகள் மூல மருந்தைப் போலவே ரத்தத்தில் சேருகின்றன என்று நிரூபித்த பிறகே இங்கே பதிவு கிடைக்கிறது. மருந்தகத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'இதே மருந்தில் ஜெனரிக் இருக்கிறதா?' தனியார் மருத்துவரிடம் பார்த்தாலும் நீண்டகால மருந்துக்குச் சீட்டு எழுதித் தரும்படி கேட்டு, விலை குறைவான மருந்தகத்தில் வாங்கலாம். மே 1-இன் விலைப்பட்டியல் இங்கேதான் உண்மையில் உதவுகிறது.

அடுத்தது பதிவு எண். மலேசியாவில் பதிவான மருந்துப் பெட்டியில் எம்-ஏ-எல் என்ற மூன்று எழுத்தும் எட்டு இலக்கமும், அதன் பின்னால் ஓர் எழுத்தும் இருக்கும். ஏ என்று வந்தால் கட்டுப்பாட்டு மருந்து, எக்ஸ் என்றால் கடையில் நேரடியாக வாங்கக்கூடியது, டி என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் சத்து மாத்திரை. எண்ணே இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாரச் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும் மூட்டுவலிப் பொடி, இனிப்பு நீர்க் கஷாயம் என்று வருகிறவை சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள். செம்பனைக் குலையைத் தூக்கி முதுகு போனவர் அதைக் குடித்தால் இரண்டே நாளில் வலி பறந்துவிடும். அதனால்தான் நம்புகிறார். அதே ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், முகத்தை வீங்க வைக்கும். மாதக்கணக்கில் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது சுரக்காமல் மயங்கி விழவும் கூடும். அப்படி ஒன்றைக் குடித்துக்கொண்டிருப்பவர் பொட்டலத்தை ஒளிக்காமல் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளினிக்கிலிருந்து வரும்போது அதை மோட்டார் சைக்கிள் வாளியில் வெயிலில் வைத்துக்கொண்டு கடைத்தெருவெல்லாம் சுற்றக் கூடாது. சூட்டில் இன்சுலின் கெடும், பார்த்தால் தெரியாது. ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் இதையும் சந்தேகப்பட வேண்டும்.

## 'அந்த மருந்து இங்கே கிடையாது'

அரசாங்கக் கிளினிக்கில் இப்படிச் சொன்னதும் பலர் மனம் நொந்து திரும்பிவிடுகிறார்கள். 'ஏழைக்கு நல்ல மருந்து தர மாட்டான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நடப்பது வேறு. சுகாதார அமைச்சிடம் ஒரு மருந்துப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு மருந்தையும் யார் எழுதத் தொடங்கலாம் என்று அதில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஏ வகை நிபுணர் எழுத வேண்டியது, பி வகை சாதாரண மருத்துவ அதிகாரி எழுதலாம், சி வகை மருத்துவ உதவியாளரும் எழுதலாம். ஏ வகையிலேயே சிலவற்றைக் கிளினிக்கில் உள்ள குடும்ப மருத்துவ நிபுணர் எழுதலாம்.

எனவே 'கிடையாது' என்ற சொல்லுக்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். நிபுணர்தான் எழுத வேண்டிய மருந்தாக இருக்கலாம், அப்போது பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பட்டியலிலேயே இல்லாத வணிகப்பெயராக இருக்கலாம், அதே வேலையைச் செய்யும் வேறு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். கையிருப்பு தீர்ந்திருக்கலாம், எப்போது வரும் என்று கேளுங்கள். எது காரணம் என்று கேட்காமல் வெளியே வந்து தனியாரில் முழு விலைக்கு வாங்குவதுதான் நம் கையைக் கடிக்கிறது.

## எஸ்.டி.ஆர். பதிவும் பெக்கா பி40-யும்

சும்பாங்கான் துனாய் ரஹ்மா என்ற எஸ்.டி.ஆர். உதவியைப் பலர் வங்கியில் வந்து விழும் பணமாக மட்டுமே பார்க்கிறார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் மருத்துவத்துக்கும் சாவி. குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 என்ற மருத்துவ உதவித் திட்டம் அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆளைத் தேர்கிறது. எஸ்.டி.ஆர். பெறுகிறவருக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் 40 வயது ஆகியிருந்தால் போதும், தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. கிடைப்பவை நான்கு:

1. இலவச உடல் பரிசோதனை. திட்டத்தில் பதிவான தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். முதல் நாள் ரத்தம் எடுப்பார்கள், இரண்டாம் முறை போய் முடிவைக் கேட்க வேண்டும். இரண்டாம் முறை போகாதவர்களுக்குப் பரிசோதனை செய்தும் செய்யாததே.

2. மருத்துவக் கருவிக்கு வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை. கண்புரை அறுவைக்கான லென்ஸ், இருதய ரத்தக்குழாய்க்கு வைக்கும் ஸ்டென்ட், மூட்டு மாற்றுக் கருவி, செயற்கைக் கால் போன்றவை. அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறும்போது அங்கிருந்தே விண்ணப்பம் போகும்.

3. புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடிக்க 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகை.

4. போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை. சபா, சரவாக், லாபுவானில் 1,000 வெள்ளி வரை.

அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டு 'இந்தக் கருவியை நீங்கள் வாங்கித் தர வேண்டும்' என்று ஒரு தாளை நீட்டினால், வட்டிக்காரரிடம் ஓடுவதற்கு முன் கேட்க வேண்டியது: 'போலே குனா பெக்கா பி40?' (பெக்கா பி40-ஐப் பயன்படுத்தலாமா?)

## சிறுநீரகம் பழுதானால்

மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூல காரணம் இனிப்பு நீர். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். வேலைக்குப் போக முடியாது, கூட்டிப் போக ஆள் வேண்டும். ஒரு வெள்ளி மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டதன் பில் பத்து வருடம் கழித்து இந்த உருவத்தில் வருகிறது.

வந்துவிட்டால் தட்ட வேண்டிய கதவுகளை வரிசையாகச் சொல்கிறேன். முதல் கதவு, அரசாங்க மருத்துவமனையில் உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு. ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று பலகை இருக்கும். குடும்ப வருமானத்தை விசாரித்து எழுதுகிறவர்கள் இவர்களே. மருத்துவமனையில் கிடைக்காத மருந்துக்கும் கருவிக்கும் சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் நிதி உண்டு, அதற்கான விண்ணப்பமும் இந்த அறையிலிருந்துதான் போகும். மருத்துவமனைக் கட்டணத்தையே கட்ட முடியாதவர் குறைப்போ தவணையோ கேட்க வேண்டிய இடமும் இதுவே. நேரே பத்திரிகைக்கும் அரசியல்வாதிக்கும் போகிறவர்கள் இந்த அறையைத் தாண்டித்தான் போகிறார்கள், பெரும்பாலும் பத்திரிகையும் அரசியல்வாதியும் திருப்பி அனுப்புவதும் இங்கேதான்.

இரண்டாவது பெர்கேசோ, நம் பேச்சில் சொக்சோ. 1969-ஆம் ஆண்டின் சட்டப்படி சம்பளத்தில் பிடித்த சந்தா வேலையில் அடிபட்டால் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்ய முடியாத அளவுக்கு நோய் முற்றினால் இயலாமை ஓய்வூதியம் கேட்கும் வழி அதில் இருக்கிறது. தகுதி உள்ளவருக்கு டயாலிசிஸ் உதவியும் உண்டு. வேலையை விட்டுவிட்டுப் பிறகு விசாரிக்காமல், வேலையில் இருக்கும்போதே சொக்சோ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. சந்தா எத்தனை மாதம் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தகுதி.

மூன்றாவது, தேசிய சிறுநீரக அறநிறுவனம் போன்ற தொண்டு அமைப்புகளின் டயாலிசிஸ் மையங்கள். கட்டணத்தில் சலுகை உண்டு, இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் சிறுநீரகம் குறைந்து வருகிறது என்று மருத்துவர் சொன்னவுடனே பெயரைப் பதிய வேண்டும், ஊசி குத்தும் நாள் வரை காத்திருக்கக் கூடாது. மாதாந்திர உதவிக்குக் கெபாஜிக்கான் என்ற சமூக நல அலுவலகம். உடற்குறை உள்ளவர்கள் அங்கேயே ஓ.கே.யு. அட்டைக்குப் பதியலாம். அந்த அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பில் கட்டணம் இல்லை. காலை இழந்தவர்கள் வருடக்கணக்கில் அட்டை எடுக்காமல் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது வேதனை.

## அடையாள அட்டை இல்லாதவர்கள்

மேலே சொன்ன அரசாங்க மருத்துவக் கட்டணங்கள் எல்லாம் நீல நிற அடையாள அட்டைக்காரருக்கு. பிறப்புப் பத்திரம் பதியாமல் வளர்ந்த பிள்ளைகள், பெற்றோர் திருமணப் பதிவு இல்லாததால் குடியுரிமை கிடைக்காதவர்கள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். குடிமக்கள் அல்லாதவருக்கு வேறு கட்டணப் பட்டியல். அங்கே ஒரு வெள்ளி இல்லை, வார்டில் படுத்தால் ஆயிரக்கணக்கில் பில் வரும், முன்பணமும் கேட்பார்கள். இந்த நாட்டில் பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை பல்வலிக்குப் போனாலும் அந்நியர் கட்டணம் என்பது சகிக்க முடியாத அநியாயம்.

அந்தக் குடும்பம் இன்று செய்யக்கூடியது மூன்று. அவசரம் என்றால் காகிதத்தை நினைத்துத் தயங்காமல் 999-ஐ அழைத்து, அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பில் வந்ததும் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவில் பிறந்த இடம், தாயின் அடையாள அட்டை, பள்ளிக்கூடத்துப் பதிவு என்று கையில் உள்ள எல்லாத் தாளையும் வைத்துத் தவணை கேட்க வேண்டும். அதே தாள்களின் நகலோடு தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பத்தையும் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கோப்பில், மருந்துப் புத்தகத்தோடு சேர்த்து, வீட்டில் யார் கேட்டாலும் உடனே எடுக்கும் இடத்தில் வையுங்கள்.